குடும்பத் தலைவர் இறந்ததும் உறவுகள் எல்லாம் தப்பாகிவிடுகின்றன, டேபிளை எப்படி அமைப்பது?

கேள்வி

வீடு வீடாகப் போய்த் தடுப்பூசி விவரம் எடுக்கும் ஒரு குழுவுக்காக டேட்டாபேஸ் செய்கிறேன். சுமார் 1,400 வீடுகள், டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ். இப்போது இருப்பது ‘வீடு’, ‘நபர்’ என்று இரண்டே டேபிள். நபர் டேபிளில் வீட்டு எண், பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற நான்கு ஃபீல்டுகள்.

போன மாதம் ஒரு வீட்டில் தலைவியாக இருந்த பாட்டி இறந்துவிட்டார். அவர் மகனைத் தலைவராக மாற்றினேன். அவருடைய மனைவி இன்னும் ‘மருமகள்’ என்றே நிற்கிறார், பிள்ளைகள் ‘பேரன்’, ‘பேத்தி’ என்றே. ஆறு பேருக்கும் கையால் திருத்தினேன். இன்னொன்று: பெற்றோர் பிரிந்துவிட்ட ஒரு சிறுவன் வார நாட்களில் அம்மா வீட்டிலும் சனி, ஞாயிறில் அப்பா வீட்டிலும் இருக்கிறான். இரண்டு இடத்திலும் பதிந்தால் இரண்டு குழந்தைகளாக எண்ணுகிறது. ஒரு பதிவில் ஊசி போட்டாயிற்று, மற்றதில் போடவில்லை என்று வருகிறது.

பதில் 1

உங்கள் பாட்டி வீட்டுக் கதையை நானும் அனுபவித்திருக்கிறேன். மூன்று வருடப் பதிவுகளைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்: நபர் டேபிளில் வீட்டு எண் இருக்கவே கூடாது.

ஒருவர் ஒரு வீட்டில் இருப்பது அவருடைய குணம் அல்ல, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உண்மையாக இருக்கும் விஷயம். அதற்கு ‘வசிப்பு’ என்று தனி டேபிள் போடுங்கள். நபர் எண், வீட்டு எண், தொடக்க நாள், முடிவு நாள், இது முதன்மை வீடா என்பது, அவ்வளவுதான். முடிவு நாள் காலியாக இருந்தால் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வீடு மாறினால் பழைய வரியை மூடிவிட்டுப் புது வரி. எதையும் அழிக்காதீர்கள். அந்தச் சிறுவனுக்கு இரண்டு வசிப்பு வரிகள் வரும், ஆனால் ஆள் ஒருவன்தான். ஊசிப் பதிவு நபர் எண்ணோடு மட்டும் சேர வேண்டும், எண்ணும்போது முதன்மை வீட்டை மட்டும் எடுக்க வேண்டும். தலைவர் யார் என்பதையும் இப்படியே நாள் போட்டு வைக்கலாம்.

உறவுக்கு இன்னொரு டேபிள். அதில் பெற்றோர்–பிள்ளை, கணவன்–மனைவி என்ற இரண்டு வகை மட்டும். மற்றதெல்லாம் இதிலிருந்தே பிறக்கும். தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மேலே ஏற, தன் விடையையே திரும்பத் திரும்ப எடுத்து அடுத்த படிக்குப் போகும் ‘வித் ரிகர்சிவ்’ வினவல் போதும். தலைவர் மாறினாலும் இதில் ஒரு வரிகூட மாறாது.

தமிழில் உறவுப் பெயர் காட்டப் போகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். அப்பாவின் சகோதரர் பெரியப்பாவா சித்தப்பாவா என்று தெரிய யார் மூத்தவர் என்பது வேண்டும். பிறந்த தேதி பலருக்குத் தெரியாது, அதனால் பிறப்பு வரிசைக்கு ஒரு ஃபீல்டு வையுங்கள். அப்புறம், வயதைச் சேமிக்காதீர்கள், அடுத்த வருடமே பொய்யாகிவிடும். பிறந்த வருடமும், அது உறுதியா உத்தேசமா என்பதும் போதும்.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். களத்தில் போய்க் கேட்டால் ‘தங்கச்சி மகன்’ என்பார்கள். அந்தத் தங்கை எங்கள் பட்டியலிலேயே இருக்க மாட்டார். அவருக்காகப் பெயரில்லாத நபரை உருவாக்க ஊழியர்களுக்கு மனம் வராது, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போவார்கள். ஆகவே சொன்ன உறவைச் சொன்னபடியே, யாருக்கு உறவு, எந்த நாளில் சொன்னது என்பதோடு எழுதி வையுங்கள். பாட்டி இறந்தாலும் ‘அன்று பாட்டிக்குப் பேரன்’ என்பது பொய்யாகாது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அந்த ஆறு பேரையும் புது டேபிள்களில் போட்டுப் பார்த்தேன், தலைவரை மாற்றியும் உறவுகள் சரியாகவே வருகின்றன. சொன்ன உறவுக்கும் ஒரு ஃபீல்டு சேர்த்துவிட்டேன். ஆனால் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு முதன்மை வீடு பதிவாகாமல் எப்படித் தடுப்பது?

பதில் 1

முதன்மை என்று குறித்த, முடிவு நாள் காலியான வரிகளுக்கு மட்டும், ஒரே நபர் எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் போடலாம், ஆனால் பழைய தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை அது பிடிக்காது. மோதும் வரிகளை டேபிளில் சேர விடாத ‘எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்’ என்ற விதியைப் போடுங்கள்: நபர் எண் சமம், தேதி வீச்சு மேற்பொருந்துகிறது, இரண்டும் முதன்மை என்றால் மறுத்துவிடும். அதற்கு ‘பிட்ரீ ஜிஸ்ட்’ என்ற கூடுதல் தொகுதி (எக்ஸ்டென்ஷன்) வேண்டும். தேதி வீச்சுக்கான போஸ்ட்கிரெஸின் ‘டேட்ரேஞ்ச்’ வகை, வேறு மாதிரி சொல்லாவிட்டால் முடிவு நாளைச் சேர்க்காமல்தான் கணக்கிடும், ஆகவே 10ஆம் தேதி ஒரு வீட்டை மூடி அதே 10ஆம் தேதி அடுத்ததைத் திறக்கலாம், மோதாது. பழைய பதிவுகளை ஏற்றிய பிறகு இதைச் சேர்த்தால், மோதும் வரி ஒன்று இருந்தாலும் சேர்க்க விடாது. முதலில் அவற்றைத் தேடித் திருத்திவிடுங்கள்.