செவிலியர் தொடர்கல்வி வகுப்புக்கு அங்கீகாரம்: விண்ணப்பம் எங்கே திரும்பி வருகிறது?

கல்விப் பிரிவுச் செவிலியர்:
பெரும்பாலும் படிவத்தில் ‘இடைவெளி’ என்ற பகுதியில்தான் சிக்கும், அதாவது இந்த வகுப்பு ஏன் தேவை என்று எழுதும் இடத்தில். ‘செவிலியர்களுக்கு செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடலுறுப்புகள் பழுதாகும் ஆபத்தான நிலை) பற்றித் தெரிய வேண்டும்’ என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. வார்டில் இப்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், குறைவது அறிவா, திறனா, நடைமுறையா என்று வர வேண்டும். உதாரணமாக, ஆன்டிபயாடிக் போடும் முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் மருந்து போன பிறகு எடுத்த நேரம் இருக்கும். எது முதலில் என்று தெரியாததாலா, ரத்தம் எடுக்கும் பழக்கம் போதாததாலா, கல்ச்சர் பாட்டிலே வார்டில் இல்லாததாலா? பாட்டில் இல்லையென்றால் வகுப்பு நடத்திப் பயனில்லை, ஸ்டோருக்கு இன்டென்ட் (பொருள் கேட்கும் சீட்டு) போடுங்கள். இதைப் பிரித்து எழுதிவிட்டால் கற்றல் விளைவும் மதிப்பீடும் தானாக வந்து பொருந்தும்.

பதிவேடு பார்ப்பவர்:
சிஸ்டர் சொன்னதோடு மணிக்கணக்கையும் பாருங்கள். செவிலியர் தொடர்கல்விக்கு அங்கீகாரம் தரும் அமெரிக்க அமைப்பான ஏஎன்சிசி முறையில், கற்றலுக்குக் கணக்கில் வரும் 60 நிமிடம் ஒரு ‘தொடர்பு மணி’. காலை 9 முதல் 1 வரை நிகழ்ச்சி என்றால் 240 நிமிடம். வரவேற்புரை 10, தேநீர் 20 போனால் 210, அதாவது 3.5 மணி. அதை 4 என்று போடக் கூடாது. மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் நேரத்தைச் சேர்க்கலாம், பலர் விட்டுவிடுகிறார்கள். தானே படிக்கும் பாடமாக இருந்தால், அதே பணியில் இருக்கும் சிலரை முன்கூட்டியே படிக்க வைத்து, ஆன நேரத்தின் சராசரியை எடுங்கள். அந்தத் தாளும் கோப்பில் இருக்க வேண்டும். கோப்பை ஆறு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

திட்டமிடும் செவிலியர்:
என்னைக் கேட்டால் நிறுவனத் தொடர்புதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நோயாளிக்குப் பயன்படும் பொருளைத் தயாரிக்கும், விற்கும் நிறுவனங்களோடு கடந்த 24 மாதங்களில் இருந்த பணத்தொடர்பு முழுவதையும் பேச்சாளர்கள், திட்டமிடுவோர் எல்லோரும் எழுதித் தர வேண்டும். தொகை சிறியதென்று விடக் கூடாது. புண் பராமரிப்பு வகுப்பில் பேசுபவர் டிரெஸ்ஸிங் தயாரிக்கும் நிறுவனத்திடம் ஆலோசனைக் கட்டணம் வாங்குபவரா? அப்படியானால் தொடர்பில்லாத ஒருவர் ஸ்லைடுகளை முன்பே படித்துப் பார்க்க வேண்டும், வகுப்பு தொடங்கும் முன் கற்பவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும். தொடர்பே இல்லை என்றாலும் ‘இல்லை’ என்று அறிவித்தாக வேண்டும். கடைசி நேரத்தில் பேச்சாளர் மாறும்போதுதான் இந்தப் படிவம் தவறிப்போகிறது. மாற்றுப் பேச்சாளரின் படிவத்தையும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். நிறுவன லோகோ ஒரு ஸ்லைடில்கூட வரக் கூடாது. வகுப்பில் உட்காரும் செவிலியர் அங்கே கேட்டதை நம்பித்தான் நோயாளிமேல் கை வைக்கிறார், அதனால் இதில் தளர்வே வேண்டாம்.

கல்விப் பிரிவுச் செவிலியர்:
மதிப்பீட்டுப் படிவத்தில் ‘வகுப்பு பிடித்ததா’ என்று மட்டும் கேட்டால் எதையும் அளந்ததாகாது. திறன் குறைவு என்று எழுதியிருந்தால் செய்து காட்டச் சொல்லிச் சரிபார்ப்புப் பட்டியலில் குறியுங்கள். வகுப்பை நடத்தி முடித்துவிட்டு அங்கீகாரம் கேட்டால் கிடைக்காது. அனுமதி வருமுன் அச்சடிக்கும் அழைப்பிதழில் தொடர்பு மணியைப் போட்டுவிடாதீர்கள்.