சார்காய்டோசிஸுக்குப் பின்னால் டிபி கிருமி இருக்கிறதா?

கேள்வி:
அக்காவுக்கு நெஞ்சில் நெறிக்கட்டி, பயாப்சியில் சார்காய்டோசிஸ் (நோய் எதிர்ப்புச் செல்கள் கூடி உறுப்புகளில் சின்னச் சின்னக் கட்டிகள் வரும் நோய்) என்று வந்திருக்கிறது. டிபி கிருமியைத் தேடும் ஏஎஃப்பி (சாயமிட்டுப் பார்ப்பது), கல்ச்சர் (வளர்த்துப் பார்ப்பது) இரண்டும் நெகட்டிவ், ஸ்டெராய்டு தொடங்கப் போகிறார்கள். ஆனால் நெட்டில் தேடினால் டிபி குடும்பக் கிருமிதான் இதற்குக் காரணம் என்கிறார்கள். அப்படியானால் டிபி மருந்து அல்லவா கொடுக்க வேண்டும்?

பதில் 1:
சந்தேகம் புதிதல்ல, இரண்டு நோயிலும் வருவது கிரானுலோமாதான் (எதிர்ப்புச் செல்கள் திரண்ட சின்னக் கட்டி), டிபியில் நடுவில் திசு செத்துப் பாலாடை மாதிரி ஆகும், சார்காய்டில் பெரும்பாலும் ஆகாது. 2007இல் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சார்காய்டு திசுக்களில் சுமார் 26% பேரிடம் மைக்கோபாக்டீரியா (டிபி கிருமியின் குடும்பம்) டிஎன்ஏ இருந்தது, நோயில்லாதவர்களிடம் அதைவிட மிகக் குறைவு. 2005இல் இதே கிருமியின் கேட்ஜி என்ற புரதமும் சில திசுக்களில் கிடைத்தது. ஆனால் மீதி முக்கால்வாசிப் பேரிடம் டிஎன்ஏ கிடைக்கவில்லையே! உயிருள்ள கிருமியையும் யாரும் நம்பும்படி வளர்த்துக் காட்டவில்லை. கிருமி செத்த பிறகும் அதன் மிச்சத்தைப் பார்த்து, மரபணு வாகு உள்ளவர்களின் உடல் விடாமல் சண்டை போடுகிறது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகத் தெரியும் விளக்கம். ஜப்பானில் முகப்பருக் கிருமியைச் சந்தேகிக்கிறார்கள், அது தனிக் கதை.

பதில் 2:
மருந்து கொடுத்தும் பார்த்தாயிற்று. லெவோஃப்ளாக்சசின், எத்தாம்புட்டால், அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின் நாலையும் சேர்த்து 16 வாரம், நுரையீரல் சார்காய்டு உள்ள 97 பேரிடம் நடந்த 'கிளியர்' சோதனை, முடிவு 2021இல் வந்தது. கிருமிப் புரதத்துக்கு எதிரான எதிர்வினை குறைந்தது, ஆனால் நுரையீரல் கொள்ளளவு டம்மி மாத்திரை எடுத்தவர்களைவிடக் கூடவில்லை. தோலில் வரும் சார்காய்டில் முன்பு செய்த சின்னச் சோதனையில் மட்டும் தோல் தடிப்புகள் சுருங்கின. இதை வைத்து யாரும் டிபி மருந்து எழுத மாட்டார்கள், எழுதவும் கூடாது, எத்தாம்புட்டால் கண் நரம்பைப் பாதிக்கக்கூடியது.

கேள்வி கேட்டவர்:
சரி, புரிந்தது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், ஒட்டிக்கொள்ளுமா?

பதில் 1:
ஒட்டாது, சேர்ந்தே இருக்கலாம். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு, நிஜமான டிபியைத் தவறவிட்டு ஸ்டெராய்டு கொடுத்தால் அது பரவிவிடும். அதனால் பயாப்சித் திசுவில் ஜீன்எக்ஸ்பர்ட் (டிபி கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) செய்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டெராய்டு தொடங்கிய பிறகு காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.