கடன் நிலவரத்தைப் பையனிடம் எப்போது சொல்வது?

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறோம், பெரும்பாலும் கூழ் ஃபேக்டரிக்குப் போகிற பெங்களூரா ரகம். போன சீசனில் விலை விழுந்ததில் வந்த காசு பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகப் போய்விட்டது. கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த நகையைத் திருப்ப முடியாமல் வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைத்திருக்கிறோம்.

பையன் பிளஸ் டூ. கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவிலாவது இன்ஜினியரிங் சேர வேண்டும் என்கிறான். மகள் எட்டாவது, எதுவுமே கேட்பதில்லை, எனக்கு அதுதான் இன்னும் பயம்.

வரவு செலவு நோட்டை அவன் முன்னால் விரித்து வைத்தேன். மருந்து, டீசல், ஆள்கூலி என்று பார்த்துக்கொண்டே வந்தவன் நகை வட்டி எழுதியிருந்த பக்கத்தில் நிறுத்தி, "அப்போ நான் படிக்க வேண்டாமா?" என்று எழுந்து போய்விட்டான். மச்சான் பேசினார், அவரிடம் தலையாட்டினான், வீட்டில் பேச்சில்லை. 7.5 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் வேண்டாம் என்று சொன்னால், இன்னொரு கடனா என்கிறான். வெளிக் கடன் வேறு இருக்கிறது, அது அவனுக்குத் தெரியாது. பரீட்சை முடியும்வரை வாயே திறக்காதீங்க என்கிறாள் மனைவி. மார்ச்சில் பரீட்சை.

இந்த வயதுப் பிள்ளையிடம் மொத்தக் கடனையும் சொன்னவர்கள், பரீட்சைக்கு முன்னால் சொன்னீர்களா, பின்னாலா?