சென்னை வாடகையும் காரைக்குடி வாடகையும்: குடிமாறியவர்கள் சொல்வது

2024 ஜூனில் குரோம்பேட்டையிலிருந்து காரைக்குடிக்கு மாற்றலாகி வந்தோம். அங்கே இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 18,000 கொடுத்தோம். இங்கே செக்காலைப் பக்கம் அதே அளவு வீடு 9,000. பாதிக்குப் பாதி மிச்சம் என்று அம்மாவிடம் போனில் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். முதல் மாதச் சம்பளம் வந்ததும் கணக்கு வேறாகிவிட்டது.

என் கணவர் மத்திய அரசு ஊழியர். சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப்படி சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரை, திருச்சிக்கு 20, காரைக்குடிக்கு 10. அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வையுங்கள். 15,000 வந்த இடத்தில் 5,000 வரும். வாடகையில் 9,000 மிச்சம், படியில் 10,000 நஷ்டம். மாற்றல் உத்தரவு கைக்கு வந்த அன்றே இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்க்கவில்லை, புது ஸ்கூட்டருக்குத் தவணை கட்டச் சம்மதித்துவிட்டுத்தான் பார்த்தோம்.

ஆனால் தண்ணீர்ச் செலவில் தப்பித்தோம். குரோம்பேட்டையில் கோடை வந்தால் லாரித் தண்ணீருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள், குடிக்கக் கேன் தனி. இங்கே சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகிய பிறகு கேன் வாங்கவே மனம் வரவில்லை.

எனக்குப் புரிய நாளான விஷயம் இன்னொன்று. பக்கத்தில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் எங்கே போனாலும் முகப்பு, முற்றம் உள்ள வளவு, பின்னால் இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற செட்டிநாட்டு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இத்தனை வீடு இருக்கிற ஊரில் எங்களுக்கு ஒரு வீடு கிடைக்க இரண்டு மாதம் ஆனது. ஒரே வீட்டில் பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பங்கு. ஆளுக்கொரு அறை, சாவியும் ஆளுக்கொன்று. ஒருவர் மலேசியாவில், ஒருவர் சென்னையில். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் எல்லோரும் வந்து கூட வேண்டிய இடம் அது, வாடகைக்கு விட மனம் வராது. அதனால் வெளியூரிலிருந்து வருபவர்கள் எல்லோரும் புதிதாகக் கட்டிய மாடி வீடுகளுக்குத்தான் போட்டி போடுகிறோம். பல்கலைக்கழகம் பக்கம் மாணவர்களும் சேர்ந்துகொள்வதால் ஜூன், ஜூலையில் தேடாதீர்கள்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்:

எனக்கு அப்படிப்பட்ட பழைய வீட்டிலேயே ஒரு பகுதி கிடைத்தது. வாடகை 4,000 தான். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக விட்டார்கள். சாவி கொடுத்தபோது ஆச்சி சொன்னது ஒன்றே ஒன்று: “சுவத்துல மட்டும் ஆணி அடிச்சுராத ஆத்தா.” முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கையை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும், சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும். காலண்டரைக் கதவுக் கொண்டியில்தான் மாட்டியிருக்கிறேன். மின்விசிறி போடாமலே மதியம் தூங்கலாம், கரண்டு பில்லில் அது தெரிகிறது. கஷ்டமும் உண்டு. அடுப்படி கடைசிக் கட்டில். மழை பெய்தால் வளவு முற்றம் நனைந்து, குழம்புச் சட்டியோடு முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தி ஓரமாகவே சுற்றி வர வேண்டும். ஓடு மாற்ற ஆள் கிடைப்பது அரிது, கிடைத்தால் கூலி அதிகம். வயதானவர்களை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட வீட்டுக்கு வராதீர்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்துப் புதுவயல்காரர் ஒருவர்:

நான் எதிர்த்திசையில் போனவன். சென்னையில் முதலில் பார்த்த வீட்டில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் சொல்கிறது. அதைப் பணிவாக எடுத்துச் சொன்னேன். மூன்றுக்கு இறங்கவில்லை, ஆறுக்கு வந்தார்கள். கேட்டதால் நான்கு மாத வாடகைப் பணம் என் கையிலேயே நின்றது. கூடுவாஞ்சேரியில் 3,000 குறைவாக ஒரு வீடு இருந்தும் தாம்பரத்தையே எடுத்தேன். காரைக்குடி போகும் பல்லவன் ரயில் அங்கே நிற்கும். அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தால் அன்று இரவே காரைக்குடியில் இறங்கிவிடலாம்.