386 கணினியில் மோடம் வழியாக இறக்கும் கோப்புகள் சிதைவது ஏன்?

பரண்வாசி:
என்னிடம் உள்ள 386 கணினியில் டாஸும் விண்டோஸ் 3.1-உம் உள்ளன. அதன் சீரியல் போர்ட்டில் நொடிக்கு 14,400 பிட் வேக மோடத்தை (தொலைபேசி லைன் வழியாகத் தரவை அனுப்பும் கருவி) இணைத்து, இன்டர்காம் லைனின் மறுமுனையிலுள்ள இன்னொரு மோடத்திலிருந்து கோப்புகளை இறக்குகிறேன். போர்ட் வேகம் 9,600 ஆக இருந்தால் சிக்கலில்லை. 38,400 என்று வைத்து விண்டோஸுக்குள்ளிருந்து இறக்கும்போது, வன்தட்டின் விளக்கு மின்னும் போதெல்லாம் ஒரு சிஆர்சி பிழை (வந்த தரவு சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகாமை) வருகிறது. இரண்டு மோடங்களும் வி.42 பிழைதிருத்தத்துடன்தான் இணைகின்றன. தொலைபேசிக் கம்பியை இருமுறை மாற்றியும் பயனில்லை.

கம்பிக்காரன்:
கம்பியின் மீது பழி போடாதீர்கள். வி.42 காப்பது மோடத்துக்கும் மோடத்துக்கும் இடையிலான பாதையை மட்டுமே; மோடத்திலிருந்து கணினிக்கு வரும் முழ நீளக் கேபிளுக்கு அதன் காவல் கிடையாது.

லைன் வேகம் 14,400 தானே என்று எண்ண வேண்டாம். மோடம் தன்னிடம் சேர்ந்ததைப் போர்ட் வேகத்திலேயே அடுத்தடுத்துக் கொட்டும். பைட்டுக்குப் பத்து பிட் என்று கொண்டால் 38,400-இல் நொடிக்கு 3,840 பைட், அதாவது 0.26 மில்லிநொடிக்கு ஒன்று. 8250, 16450 ஆகிய யுஆர்ட் (சீரியல் போர்ட்டை இயக்கும்) சில்லுகளில் வந்த பைட் காத்திருக்க ஒரேயொரு இடம்தான் உண்டு. அடுத்தது வந்து முடிவதற்குள் செயலி அதை எடுக்காவிட்டால் அது அழிந்துபோகும். வட்டு வேலையில் மூழ்கியிருக்கும் விண்டோஸ் அவ்வளவு விரைவாக இன்டரப்ட்டைக் (பைட் வந்துவிட்டது என்று சில்லு செயலிக்குத் தரும் குறிப்பு) கவனிப்பதில்லை. 16550ஏ சில்லில் 16 பைட் காத்திருக்கலாம். 'ஏ' இல்லாத முதல் 16550-ஐ வாங்கிவிடாதீர்கள்; அதில் அந்த வரிசையே பழுது.

விண்டோஸை விட்டு வெளியேறி, டாஸிலிருந்து எம்எஸ்டி (கணினியின் உறுப்புகளைக் காட்டும்) நிரலை ஓட்டினால் 16550 வகையா, பழைய வகையா என்று தெரியும்; 16450-ஐயும் அது 8250 என்றே காட்டும்.

இரவுப்பணி:
முன்னவர் சொன்னது சரியே. ஆயினும் ஓட்டக் கட்டுப்பாட்டையும் (தரவு அனுப்புவதைத் தேவைப்படும்போது நிறுத்திவைக்கும் முறை) பாருங்கள். எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் முறையில் 17, 19 என்னும் மதிப்புகள் 'தொடர்', 'நிறுத்து' என்னும் கட்டளைகளாகிவிடுவதால், அதே மதிப்புள்ள பைட்டுகள் கோப்பில் இருந்தால் குழப்பம்தான். தனிக் கம்பிகள் வழியே நிறுத்தச் சொல்லும் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் முறையே நல்லது, ஆனால் கேபிளில் அந்த இரண்டு கம்பிகளும் இருக்க வேண்டும். டிரைவரின் இடையகம் (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) நிரம்பும்போதுதான் அது கைகொடுக்கும். சில்லுக்குள்ளேயே தொலையும் பைட்டை அதனால் மீட்க முடியாது. கோப்புக்கு இசட்மோடம் என்னும் பரிமாற்ற முறையைப் பயன்படுத்துங்கள். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பரண்வாசி:
எம்எஸ்டி 8250 என்று காட்டியது. அட்டையைக் கழற்றிப் பார்த்தால், சாக்கெட்டில் செருகியிருந்த 40 கால் சில்லின் முதுகில் 16450 என்று அச்சிட்டிருந்தது. பழுதான அட்டை ஒன்றிலிருந்து 16550ஏ-வை நெம்பி எடுத்துப் பொருத்தினேன்; ஒரு கால் வளைந்துவிட்டதால் இடுக்கியால் நிமிர்த்த வேண்டியிருந்தது. நேற்றிரவு 38,400-இல் மூன்று கோப்புகள் ஒரு பிழையுமின்றி இறங்கின. வன்தட்டின் விளக்கு முன்போலவே மின்னிக்கொண்டிருந்தது.