பட்டை வெந்நீர் குடித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கேட்டவர்:
காலையில் வெறும் வயிற்றில் பட்டைப் பொடி கலந்த வெந்நீர் குடித்தால் சர்க்கரை இறங்கும், தொப்பை கரையும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். தொடர்ந்து குடித்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதுங்களேன். அம்மாவுக்காகக் கேட்கிறேன், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்.

மறுமொழி:
என் மாமனார் குடித்தார். குவியலாக ஒரு ஸ்பூன், மாதக்கணக்கில். சர்க்கரையில் சொல்லிக்கொள்கிற மாற்றம் இல்லை, ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரைச் சீட்டையெல்லாம் புரட்டிவிட்டு, "கை வைத்தியம் ஏதாவது ஓடுகிறதா?" என்று கேட்ட பிறகுதான் பட்டை விஷயமே வெளியே வந்தது. நிறுத்தச் சொன்னார், அடுத்த பரிசோதனையில் இறங்கிவிட்டது. பட்டைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் வேறு எதையும் மாற்றவில்லை.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். காசியா வகைப் பட்டையில் கூமரின் என்றொரு பொருள் இருக்கிறது, அளவு கூடினால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதுதான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நாளைக்கு வைத்திருக்கும் வரம்பு. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். சுமார் 2 கிராம் காசியாப் பொடியிலேயே அது வந்துவிடலாம், குவியல் ஸ்பூன் என்றால் கேட்கவே வேண்டாம். சிலோன் பட்டையில் கூமரின் பெயரளவுக்குத்தான்.

மறுமொழி:
பிரித்துப் பார்ப்பது சுலபம். காசியா தடித்த ஒற்றைச் சுருள், கையால் ஒடிக்க வராது. சிலோன் பட்டை காகிதம் போல மெல்லிசு, பல அடுக்கு ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே உதிரும். பொடியாகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, அதனால் நான் துண்டாகத்தான் வாங்குவேன். தொண்டைக் கரகரப்புக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொதிக்க வைத்துக் குடிப்பேன், இதமாக இருக்கும், அவ்வளவுதான். பொடி தண்ணீரில் கரையவே கரையாது, கொஞ்ச நேரத்தில் டம்ளர் அடியில் கொழகொழவென்று தேங்கிவிடும், அந்தக் கடைசி மடக்கை எப்படித்தான் குடிக்கிறார்களோ!

மறுமொழி:
பட்டை எண்ணெய் பக்கம் மட்டும் போகாதீர்கள். பல்வலி என்று பஞ்சில் தொட்டு ஈறில் வைத்த என் தம்பிக்கு அந்த இடமே வெந்து, உதட்டின் உள்பக்கம் தோல் உரிந்துவிட்டது. காரத்தைத் தருகிற சின்னமால்டிஹைடு எண்ணெயில் அவ்வளவு செறிவாக இருக்கும்.

மறுமொழி:
கேட்டவருக்கு: சர்க்கரை குறைகிறதா என்று நடந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அதை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை அதிகமாக இறங்கிவிட்டால் படபடப்பு, வியர்வை எல்லாம் வரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. சமையலில் வாசனைக்குப் போடுகிற துண்டுக்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம். சரி, அம்மா ஏற்கெனவே குடிக்க ஆரம்பித்துவிட்டாரா, இல்லை இனிமேல்தானா?