ஆயிரம் மணி நேரத்த எங்க பண்ணாங்க, அத மட்டும் சொல்லுங்க

வில்லிவாக்கம் வாசுகி:
நேத்து இங்க ஒரு அம்மணி எழுதியிருந்தாங்க, வீட்ல உக்காந்தே பார்ட் டைமா டிஎன்பி, அதான் நர்சிங்ல ப்ராக்டிஸுக்கான டாக்டரேட், முடிச்சிரலாம், பெட்சைடு, நோயாளி கட்டில் பக்கமே போக வேணாம், பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கலாம்னு. படிச்சதுல இருந்து வயிறு எரியுது. 16 வருஷமா ஐசியூல நிக்கிறேன், வெண்டிலேட்டர் அலாரம் கனவுலயும் அடிக்குது, யூரின் அவுட்புட் பேப்பர் கிடைக்கலன்னா உள்ளங்கைல எழுதிக்கிட்டு ஓடுற ஆளு நானு. அமெரிக்காவுல பொதுவா பிஎஸ்சி நர்சிங்குக்கு அப்புறம் மொத்தமா 1000 மணி நேரம் ப்ராக்டிஸ் காட்டுனாதான் டிஎன்பி. அந்த ஆயிரத்த லேப்டாப்லயா பண்ணாங்க? ஜூம்ல கேனுலா போடுவீங்களோ?

ஓஎம்ஆர் ஓவியா:
அந்த அம்மணி நான்தான். நான் எழுதுனது "காலேஜ் பக்கமே போக வேணாம்"னு. பெட்சைடுன்னு எழுதவே இல்ல. கண்ணாடி போட்டு படிங்கக்கா. தியரி மட்டும்தான் ஆன்லைன். என் தங்கச்சி அமெரிக்காவுல ஹூஸ்டன்ல ஆர்என், லைசென்ஸ் வாங்குன நர்ஸ், அங்கயே பார்ட் டைமா பண்றா. மணி நேரத்த அவ ஊர் ஆஸ்பத்திரியிலயே ஒரு பிரிசெப்டர், அதான் கூட நின்னு சொல்லிக் குடுக்கற சீனியர், கிட்ட நின்னு முடிக்கணும், அந்த பிரிசெப்டரயும் அவளே தேடிப் புடிச்சா. ஃப்ரிட்ஜ் மேல மணி நேரக் கணக்கு எழுதற லாக் ஷீட் ஒட்டி வெச்சிருக்கா, வாரா வாரம் கையெழுத்து. வீடியோ கால்ல நானே பாத்தேன்.

வில்லிவாக்கம் வாசுகி:
ஃப்ரிட்ஜ் மேல பேப்பர் ஒட்டுனா ஆயிரம் ஆயிடுமா? எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மேல கேஸ் புக் பண்ற நம்பர் ஒட்டியிருக்கு, நான் என்ன கேஸ் கம்பெனி ஓனரா?

ஓஎம்ஆர் ஓவியா:
முதுகலைல பண்ண மணி நேரத்தயும் சேத்துப்பாங்கக்கா. அங்க 500 பண்ணியிருந்தா மீதி 500தான்.

வில்லிவாக்கம் வாசுகி:
பாத்தீங்களா! ஆயிரம் ஐநூறு ஆயிடிச்சு. நாளைக்கு காலைல 50 ஆகும். எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

ட்யூட்டர் தணிகை:
முதல்ல ஒரு விஷயம் தெளிவு பண்ணிக்கலாம்மா. பிஎச்டி ஆராய்ச்சிக்கு, டிஎன்பி ப்ராக்டிஸுக்கு. தீசிஸ் கிடையாது, வார்டுல ஒரு குறைய எடுத்து சரி பண்ணிக் காட்டுற ப்ராஜெக்ட். 2001ல கென்டக்கி யூனிவர்சிட்டில ஆரம்பிச்சது. 2015க்குள்ள அட்வான்ஸ்டு நர்ஸ் எல்லாருக்கும் டிஎன்பினு 2004ல அங்க உள்ள நர்சிங் காலேஜ் சங்கம் சொல்லிச்சு, 2015 வந்துட்டு போயும் போச்சு, நோயாளிய பாத்து மருந்து எழுதற நர்ஸ் ப்ராக்டிஷனர் இன்னும் மாஸ்டர்ஸோடயே ஆகலாம். அனஸ்தீசியா நர்ஸுக்கு மட்டும் 2022ல இருந்து புதுசா சேர்றவங்க டாக்டரேட்லதான் சேரணும்.

வில்லிவாக்கம் வாசுகி:
சார் பாடம் எடுக்க வேணாம். பேரு டிஎன்பியோ பிஎச்டியோ ஏபிசிடியோ. மணி நேரம் எங்க?

அம்பத்தூர் அருள்:
தணிகை சார் கேனுலா போட்டு எத்தன வருஷம் ஆச்சு? ட்யூட்டர்ங்க எல்லாம் டம்மிக்கு ஊசி போட்டே ரிட்டயர் ஆகுறவங்க. ப்ராக்டிகல் எக்ஸாம்ல பெட் மேக்கிங் கார்னர் சரியில்லனு என்ன 20 நிமிஷம் நிக்க வெச்சீங்களே, மறக்கல சார்.

ட்யூட்டர் தணிகை:
கார்னர் இப்பவும் சரியா வராதுன்னு நெனைக்கிறேன் தம்பி.

அம்பத்தூர் அருள்:
😡 அது இருக்கட்டும். ஆன்லைன் பிஎச்டிய நம்ம யூஜிசி ஒத்துக்கறதே இல்ல, ஃபாரின் யூனிவர்சிட்டி பேர சொல்லி எட்டெக், அதான் ஆன்லைன் படிப்பு கம்பெனிங்க விக்கிற ஆன்லைன் பிஎச்டில சேராதீங்கன்னு 2022லயே ஏஐசிடிஇயும் யூஜிசியும் சேந்து எச்சரிக்கை விட்டாச்சு. இங்க ஒருத்தர் அப்படி எங்கயோ வாங்கிட்டு பொண்ணு கல்யாணப் பத்திரிகைல டாக்டர்னு அடிச்சாரு. மண்டபத்துல ஒரு பெரியவருக்கு மயக்கம் வந்து டாக்டர் டாக்டர்னு கூப்பிட்டா இவரு பந்திக்கு போயிட்டாரு.

ட்யூட்டர் தணிகை:
அதான் சொல்றேன், அது பிஎச்டி, இது டிஎன்பி. ரெண்டும்...

வில்லிவாக்கம் வாசுகி:
பந்திக்கு போனாலும் அவரு அங்க நேர்ல போனாரு. ஓவியா தங்கச்சி நேர்ல எங்க போனா, ஆயிரம் மணி நேரம்?

புது பொண்ணு பல்லாவரம்:
அக்கா நான் இங்க பிஎஸ்சி முடிச்சிருக்கேன், சென்னைல இருந்துட்டே அந்த கோர்ஸ்ல சேர முடியுமா?

ஓஎம்ஆர் ஓவியா:
பொதுவா அங்க உள்ள ஆர்என் லைசென்ஸ் கேப்பாங்கம்மா, அதுக்கு என்கிளெக்ஸ்னு ஒரு லைசென்ஸ் பரீட்சை எழுதணும். மணி நேரமும் அவங்க அனுமதிக்கற மாநிலத்துலதான் பண்ணணும், இங்க உள்ள ஆஸ்பத்திரில பண்ணா எடுத்துப்பாங்கன்னு நம்பி பணம் கட்டிடாத. கிளாஸ் சாயந்திரம் 6 மணிக்கு, ஹூஸ்டன்ல சம்மர் டைம் ஓடும்போது நமக்கு விடியகாலை 4.30. தங்கச்சி கிளாஸுக்கு லாகின் பண்ற நேரத்துல அம்மா இங்க பால் பாக்கெட் எடுக்க கதவ தொறக்கறாங்க.

வில்லிவாக்கம் வாசுகி:
பால் பாக்கெட் கதையெல்லாம் நல்லாருக்கு. கேட்டதுக்கு பதில் இல்ல.

ஓஎம்ஆர் ஓவியா:
மூணு தடவ சொல்லிட்டேன், ஆஸ்பத்திரியில! பிரிசெப்டர் கிட்ட! போன பொங்கலுக்கு கோலப் போட்டி ரிசல்ட்ல ஆரம்பிச்ச கோவம்தானே இது? அப்பவே தெரியும்.

வில்லிவாக்கம் வாசுகி:
கோலத்த இழுக்காத. அந்த ரிசல்ட் மோசடினு ஊருக்கே தெரியும், 21 புள்ளி நான் வெச்சேன், 15 புள்ளிக்கு நீ பிரைஸ் வாங்கிட்டு போன. அப்பவும் கம்மியா வெச்சிட்டு கணக்கு காட்டுன ஆளு, இப்பவும் அதே.

அம்பத்தூர் அருள்:
21 புள்ளி நான் நேர்ல பாத்தேன். வாசுகி அக்கா பக்கம் நியாயம் இருக்கு.

ட்யூட்டர் தணிகை:
இதுக்கும் டிஎன்பிக்கும் என்னப்பா சம்பந்தம்?

அம்பத்தூர் அருள்:
கார்னர் மடிக்கறதுக்கும் நர்சிங்குக்கும் என்ன சம்பந்தம் இருந்துச்சோ அதான் சார்.

வில்லிவாக்கம் வாசுகி:
நைட் டூட்டிக்கு கிளம்பறேன், 8 மணிக்கு ஹேண்டோவர். காலைல வந்து பாப்பேன். தேதி, ஷிஃப்ட், வார்டு, கையெழுத்து, எல்லாத்தோடயும் அந்த லாக் ஷீட்ட ஃபோட்டோ எடுத்து இங்க போட்டிருக்கணும். ஆயிரமும்.

ஓஎம்ஆர் ஓவியா:
500 க்கா.

வில்லிவாக்கம் வாசுகி:
ஆயிரம்.